தக்கை அறையில் ஒரு வாழ்க்கை – மார்சல் ப்ரூஸ்ட் (1871–1922)

இருபதாம் நூற்றாண்டின் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் 'இழந்த காலத்தைத் தேடி' அதில் இடம்பெற்றுவிடும். ஏழு பாகங்கள், ஏறக்குறைய மூவாயிரம் பக்கங்கள். அதை முழுவதும் படித்து முடித்தவர்கள் குறைவு. தேநீரில் நனைத்த கேக் துண்டு ஒன்று பால்ய காலத்தையே மீட்டுக் கொண்டுவந்த கதையைக் கேள்விப்படாத இலக்கிய வாசகர்களும் குறைவுதான். அந்த நாவலை எழுதிய மார்சல் ப்ரூஸ்ட், சுவர்களில் தக்கை பதித்த அறையில், ஜன்னல்களை அடைத்துவிட்டு, பகலில் உறங்கி இரவில் எழுதினார் என்பதும் பலருக்குத் தெரிந்த செய்தியே.

இது பெரும்பாலும் வசதி படைத்த எழுத்தாளர் ஒருவரின் கிறுக்குத்தனமாகவே சொல்லப்படுகிறது. கேட்பவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த அறையை உண்டாக்கியது அவருடைய உடம்பு. மகரந்தமும் தூசியும் அவர் மூச்சை அடைத்தன. சோப்பும் ஈரத் துண்டும் தோலை எரிய வைத்தன. மேல்மாடியில் யாரோ ஆணி அடித்தால் அன்றைய தூக்கம் போயிற்று. இந்த மூன்றோடும் வாழ்ந்த ஒரு மனிதராக ப்ரூஸ்டை அணுகும்போது, அவர் வாழ்க்கையும் எழுத்தும் வேறு மாதிரித் தெரிகின்றன.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

1871ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், பாரிஸின் ஓத்தய் பகுதியில், தாய்வழி உறவினர் ஒருவரின் வீட்டில் ப்ரூஸ்ட் பிறந்தார். பிரஷ்யாவுடன் போர், முற்றுகை, பஞ்சம், பாரிஸ் கம்யூன், அதை அடக்கிய ராணுவத்தின் ரத்தக்களறி என்று அந்நகரம் பட்ட பாடெல்லாம் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கருவுற்றிருந்த தாய் அந்த மாதங்களில் பட்ட துன்பமே பிள்ளை நலிந்து பிறந்ததற்குக் காரணம் என்று குடும்பத்தார் நம்பினார்கள்.

தந்தை அத்ரியன் ப்ரூஸ்ட், இல்யே என்ற சிற்றூரில் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, படிப்பால் உயர்ந்தவர். காலராவின் வழித்தடத்தை ஆராய 1869இல் பாரசீகம் வரை போய் வந்தவர். பின்னாளில் பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் சுகாதாரத் துறைப் பேராசிரியர். தாய் ழான் வெய்ல், வசதியான யூதக் குடும்பத்துப் பெண். நிறையப் படித்தவர், நகைச்சுவை உணர்வு மிக்கவர். 1873இல் தம்பி ரொபேர் பிறந்தான். அவனுக்கு நல்ல திடமான உடம்பு. அவனும் மருத்துவம் படித்து அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆனான். ஆக, இரண்டு மருத்துவர்கள் உள்ள வீட்டில் மருத்துவத்துக்குப் பிடிபடாத நோயாளியாக மார்சல் இருந்தார்.

முதல் தாக்குதல் 1881இல், ஒன்பது வயதில் வந்தது. வசந்த காலம். குடும்பத்தோடு புவா த பூலோன் பூங்காவில் உலாவிவிட்டுத் திரும்பும் வழியில் பையனுக்கு மூச்சு அடைத்தது. தந்தை அருகிலேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகன் தன் கண்முன்னே இறந்துவிடுவான் என்றே அவர் அஞ்சினார். அன்றிலிருந்து வசந்தம் என்பது அவர்கள் வீட்டில் பயத்தின் பருவம் ஆகிவிட்டது. ஈஸ்டர் விடுமுறைக்குத் தந்தையின் ஊரான இல்யேக்குப் போய், அத்தை வீட்டுத் தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் திரிவது அதுவரை வழக்கமாக இருந்தது. பூக்கள் ஆகாது என்றானதும் அந்தப் பயணங்கள் அருகி, பின் நின்றுபோயின. நாவலில் 'கோம்ப்ரே' என்ற பெயரில் வரும் ஊர் அதுதான். பிறந்து நூறாண்டு நிறைந்த 1971இல் ஊரே தன் பெயரை 'இல்யே–கோம்ப்ரே' என்று மாற்றிக்கொண்டது. கற்பனைப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஊர்கள் உலகில் அதிகம் இல்லை.

எல்லாம் நரம்புக் கோளாறு

அந்தக் காலத்து மருத்துவம் இதை எப்படிப் பார்த்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்லி, தானே ஆண்டுதோறும் தும்மலால் அவதிப்பட்டவர். தன் தோலைக் கீறி மகரந்தத்தைத் தடவிப் பார்த்து, தடிப்பும் அரிப்பும் எழுவதைக் கண்டு, 'ஹே ஃபீவர்' எனப்படும் நோய்க்கு மகரந்தமே காரணம் என்று 1873இல் நூலாக வெளியிட்டார். இன்றும் அலர்ஜி மருத்துவமனைகளில் முன்கையில் மருந்தைத் தொட்டுக் குத்திப் பார்க்கும் சோதனைக்கு அதுவே முன்னோடி. ஆனால் பாரிஸில் பெரும்பாலான மருத்துவர்கள் ஆஸ்த்மாவை நரம்புக் கோளாறாகவே கருதினார்கள். எதுவார் பிரிஸோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1896இல் ஆஸ்த்மாக்காரர்களின் உடல்நல முறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் வேறு யாருமல்ல, அத்ரியன் ப்ரூஸ்ட்தான். அடுத்த ஆண்டே நரம்புத் தளர்ச்சி உடையவர்களின் உடல்நலம் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து அவரே ஒரு நூலை வெளியிட்டார்.

இதன் விளைவு என்ன என்று ஊகிக்கலாம். மனவுறுதி இருந்தால் சரியாகிவிடும், ஒழுங்காக நேரத்துக்கு எழுந்து நேரத்துக்குப் படுத்தால் சரியாகிவிடும் என்பதே அந்த வீட்டின் எண்ணமாக இருந்தது. தந்தை கொடுமைக்காரர் அல்ல. பிள்ளைமீது பாசம் உள்ளவர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் அவதிப்படுகிறவனை நம்புவது, அவனை நேசிப்பவர்களுக்கும் கடினமாகத்தான் இருக்கிறது. மகனும் பாதி நம்பினார். தன் நோய் உண்மையா, பழக்கமா, பலவீனமா என்ற கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை.

சிகிச்சைகளுக்குக் குறைவில்லை. இளமையில் மூக்கின் உட்புறத்தைப் பலமுறை சூட்டுக்கோலால் தீய்த்தார்கள். இனி மகரந்தம் ஒன்றும் செய்யாது, தாராளமாகக் கிராமத்துக்குப் போகலாம் என்று மருத்துவர் உறுதி சொன்னார். நம்பிப் போனவருக்கு அதுவரை கண்டிராத இழுப்பு வந்தது. 1889இல் ஓர்லேயோனில் ராணுவச் சேவைக்குப் போனபோது, இரவில் இருமி மற்றவர்களின் உறக்கத்தைக் கெடுப்பதால் முகாமுக்கு வெளியே தங்கச் சொல்லிவிட்டார்கள்.

1895இல் பாரிஸின் மஸாரின் நூலகத்தில் சம்பளமில்லாத ஒரு பதவி கிடைத்தது. புத்தகப் பிரியருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நமக்குத் தோன்றும். நூலகத்தின் தூசி அவருக்கு ஆகவில்லை. விடுப்புக்கு மேல் விடுப்பு எடுத்து, ஏறக்குறைய வேலைக்கே போகாமல், 1900இல் பதவி விலகியவராகக் கருதப்பட்டார். அவர் வாழ்நாளில் பார்த்த ஒரே உத்தியோகம் அதுதான்!

சென்னையிலிருந்து போன புகை

ப்ரூஸ்ட் நம்பிய மருந்து ஒன்று உண்டு. லெக்ரா என்ற பொடியைத் தட்டில் கொட்டிக் கொளுத்தி, எழும் புகையை முகர்வார். அறை முழுவதும் புகை மண்டிக்கிடக்கும். சில சமயம் இது மணிக்கணக்கில் நீளும். தீக்குச்சியின் கந்தக நெடி அவருக்கு ஆகாது என்பதால், பொடியைப் பற்றவைப்பதற்காகவே ஒரு மெழுகுவர்த்தி வெளியே எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

அந்தப் பொடியின் முக்கியச் சரக்கு ஊமத்தை இனத்துச் செடி. ஊமத்தைப் புகை இழுப்பு நோய்க்கு நல்லது என்பது நம் நாட்டு வைத்தியத்தில் பழைய சங்கதி. அது ஐரோப்பாவுக்குப் போன வழி நமக்குச் சுவாரஸ்யமானது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இந்த முறையைத் தானும் கையாண்டு பிறருக்கும் பரிந்துரைத்தார். அவரிடமிருந்து தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கு அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆஸ்த்மா சிகரெட்டுகளும் ஆஸ்த்மாப் பொடிகளும் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் பெருகின. சென்னையிலிருந்து கிளம்பிய புகை நூறு ஆண்டு கழித்துப் பாரிஸில் ஒரு படுக்கையறையை நிறைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் என்பது உண்மை. ஆனால் எந்தப் புகையும் நாளடைவில் நுரையீரலைப் புண்படுத்தும். மருந்தே நோயையும் வளர்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

ஆணியும் சுத்தியலும்

1903இல் தந்தை இறந்தார். 1905 செப்டம்பரில் தாயும் போய்ச் சேர்ந்தார். முப்பத்து நான்கு வயது வரை தாயின் கவனிப்பிலேயே வாழ்ந்தவர் ப்ரூஸ்ட். அவர் உறங்குகையில் வீட்டில் ஓசை எழாமல் பார்த்துக்கொண்டவரும், அவருடைய வினோத வேளைகளைப் பொறுத்துக்கொண்டவரும் தாய்தான். அந்தத் துக்கத்தில் ஒரு நரம்பு மருத்துவ விடுதியில் சுமார் ஆறு வாரம் தங்கிப் பார்த்தார். பயனில்லை.

1906 டிசம்பர் இறுதியில் 102, பூல்வார் ஓஸ்மான் என்ற முகவரிக்குக் குடிபெயர்ந்தார். வாகனச் சத்தம், தெருத் தூசி, வாசலில் மகரந்தம் உதிர்க்கும் செஸ்ட்நட் மரங்கள் என்று அவருக்கு ஆகாத அனைத்தும் அங்கே இருந்தன. பிறகு ஏன் போனார்? தாய்க்குப் பழக்கமான வீடு அது; தாய்மாமன் வழி உறவினருக்குச் சொந்தமாயிருந்தது. அம்மா அறிந்திராத ஒரு வீட்டில் போய் வாழ அவருக்கு மனம் வரவில்லை. போன சில வாரங்களிலேயே அடுத்த கட்டடத்தில் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. அவர் உறங்கப்போகும் காலை வேளையில்தான் சுத்தியல்காரர்கள் வேலையை ஆரம்பிப்பார்கள்.

கோடையில் நார்மண்டிக் கடற்கரையில் கபூர் நகரின் கிராண்ட் ஹோட்டலுக்குப் போவது 1907 முதல் 1914 வரை வழக்கமாயிற்று. தலைக்குமேல் யாரும் நடக்கக்கூடாது என்பதற்காக அங்கே உச்சி மாடியில் அறை எடுப்பார். 1910இல் அவர் கபூரில் இருந்தபோது பாரிஸ் வீட்டுப் படுக்கையறைச் சுவர்களில் தக்கைப் பலகைகள் பொருத்தப்பட்டன. கவிஞர் அன்னா த நொவாய் கூறிய யோசனை அது. ஜன்னல்களும் கனத்த திரைகளும் எப்போதும் மூடியே இருக்கும். நாளடைவில் லெக்ரா புகை படிந்து தக்கை கறுத்துப்போனது.

தக்கை தெருவை அடக்கியது. மாடியை அடக்க அதனால் முடியவில்லை. அவருக்கு நேர் மேலே வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவரின் மருத்துவக்கூடம். அதற்கு மேல்மாடியில் அவர்களுடைய வீடு. மருத்துவரின் மனைவி யாழைப் போன்ற ஹார்ப் வாத்தியம் வாசிப்பவர். அவருக்கு ப்ரூஸ்ட் எழுதிய கடிதங்கள் நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல் கிடந்து, 2013இல் பிரெஞ்சில் நூலாக வெளிவந்தன. அவை சத்தத்தைப் பற்றிய கடிதங்கள். ஆனால் அவற்றில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆணி அடிக்க வேண்டியிருந்தால் எந்த நேரத்தில் அடிக்கலாம், பெட்டிகள் தயார் செய்வதானால் எந்தப் பக்கத்து அறையில் செய்யலாம் என்று சுற்றி வளைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பாராட்டோடு கலந்து எழுதுகிறார். கூடவே பூச்செண்டும் புத்தகமும் வேட்டைப் பறவையும் அனுப்புகிறார். அந்தப் பெண்மணியும் நோயாளிதான். ஒரே கட்டடத்தில் இருந்தும் அபூர்வமாகவே சந்தித்த இருவருக்கிடையே, சுத்தியல் சத்தத்தைச் சாக்கிட்டு ஒரு நட்பு வளர்ந்தது.

ஓசை தாங்காதவர்கள் அக்கம்பக்கத்தாரோடு சண்டைக்காரர்களாகிப்போவதை நாம் பார்க்கிறோம். அதற்கு எவ்வளவு நியாயம் இருந்தாலும் சண்டையால் தூக்கம் வருவதில்லை. ப்ரூஸ்டுக்கு இது தெரிந்திருந்தது. தன் வேதனையைச் சொல்லும்போதே எதிராளியின் சுதந்திரத்தையும் மதிப்பது எப்படி என்பதை அந்தக் கடிதங்களில் காணலாம்.

இருபது துண்டுகள்

தோலின் கதை அவ்வளவாக வெளியே தெரியாதது. அது தெரியவந்ததற்குக் காரணம் செலெஸ்த் அல்பாரே என்ற பெண்மணி. தென் பிரான்சின் மலைக்கிராமம் ஒன்றில் 1891இல் பிறந்தவர். ப்ரூஸ்டின் வாடகைக் கார் ஓட்டுநரான ஓதிலோன் என்பவரை மணந்து 1913இல் பாரிஸுக்கு வந்தார். 1914இல் போர் தொடங்கியதும் ப்ரூஸ்டின் வீட்டு நிர்வாகம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. ப்ரூஸ்ட் இறக்கும் வரை அவர்தான் பணிப்பெண், செவிலி, காவலாளி, எழுத்துப்பணி உதவியாளர் எல்லாம். ஐம்பது ஆண்டுகள் வாய் திறக்காதிருந்து, 1973இல் தன் நினைவுகளை நூலாகச் சொன்னார்.

ப்ரூஸ்ட் சோப்பைத் தொடுவதில்லை. கிரீம், கொலோன் எதுவும் தோலுக்கு ஆகாது. மெல்லிய நெசவுத் துண்டை நீரில் நனைத்து உடம்பில் ஒற்றிக்கொள்வார். பின் உலர்ந்த துண்டால் ஒற்றுவார். தேய்ப்பது என்பதே கிடையாது. கொஞ்சம் ஈரமானாலும் அந்தத் துண்டை மறுபடி தொடமாட்டார். ஈரத்துணி தோலை வெடிக்க வைக்கும் என்று பயம். ஒருமுறை உடம்பு துடைக்க இருபது துண்டுகள் வரை ஆகும். அவற்றை வெளுப்பதற்கும் ஒரே ஒரு சலவையகம்தான். மற்ற இடங்களில் போடும் சலவைப்பொடி தோலைக் கடிக்கும். புதுத் துணியைவிடப் பழகி நைந்த துணியே உடம்புக்கு இதம். தூங்கும்போது உள்ளாடை எப்படி இறுக வேண்டும் என்பது முதற்கொண்டு தாய்க்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அரிக்கும் தோலோடு வாழ்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள். சட்டைக் கழுத்தில் உள்ள லேபிளைக் கத்தரிப்பவர்களும், விருந்தினராகப் போன வீட்டில் சலவைத்தூள் வாசனை அடிக்கும் போர்வையைப் பார்த்துத் தயங்குபவர்களும், குளிர்நாட்டுச் சூடேற்றிக் காற்றில் இரவெல்லாம் முழங்கை மடிப்பைச் சொறிபவர்களும் இந்த இருபது துண்டுகளின் கணக்கைச் சரியாகவே புரிந்துகொள்வார்கள்.

மற்ற விதிகளும் இதே போலத்தான். வாசனைத் திரவியம் பூசியவர்கள் அந்த அறைக்குள் வரக்கூடாது. பூக்கள் கூடாது. அவர் வீட்டில் இருக்கும்போது தூசி தட்டக்கூடாது; என்றைக்காவது இரவில் வெளியே போனால் அப்போது ஜன்னல்களைத் திறந்துபோட்டு அவசர அவசரமாகச் சுத்தம் செய்ய வேண்டும். அழைப்பு மணி அடிக்கும் வரை யாரும் கதவைத் தட்டக்கூடாது. அவராகப் பேசும் வரை செலெஸ்த் பேசக்கூடாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது, அதில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் செலெஸ்த். எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவரும் பகலை இரவாக்கி வாழ்ந்தார். பெற்றோர் விட்டுச்சென்ற சொத்து இல்லையென்றால் தக்கையும் இல்லை, துண்டுகளும் இல்லை. அதே உடம்போடு அதே பாரிஸில் ஒரு தையற்காரியோ சுமைதூக்கியோ வாழ்ந்திருந்தால் அவர்கள் கதை நமக்கு வந்து சேர்ந்திராது. செலெஸ்த் ஒருபோதும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, அந்த ஆண்டுகளைத் தன் வாழ்வின் பொற்காலமாகவே நினைத்தார் என்பது உண்மை. ஆனாலும் ப்ரூஸ்டின் நாவலைப் போற்றும்போது, பின்னிரவில் கையெழுத்துப் பிரதியோடு திருத்தச் சீட்டுகளை விசிறி மடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகளையும் நினைக்க வேண்டும்.

அடைத்த காதும் திறந்த காதும்

ஓசை தாங்காதவருக்கு இசை பிடிக்குமா? ப்ரூஸ்டின் வாழ்க்கை இதற்கு நல்ல பதில். 1911இல் அவர் 'தியாத்ரோஃபோன்' என்ற சேவைக்குச் சந்தா கட்டினார். ஒபரா அரங்கில் நடக்கும் நிகழ்ச்சியைத் தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டிலிருந்தே கேட்கலாம். தெபுஸ்ஸியின் ஒபராவைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டார். 1916இல் ஒருநாள் நள்ளிரவில் தானே காரில் போய் நான்கு வாத்தியக் கலைஞர்களை எழுப்பிக் கூட்டிவந்து, சேஸார் ஃப்ராங்கின் நாற்கருவி இசையைத் தன் வீட்டிலேயே வாசிக்கச் செய்தார். முடிந்ததும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்!

ஆக, அவருடைய காது ஓசையையே வெறுக்கவில்லை. தான் தேர்ந்தெடுக்காத, எப்போது நிற்கும் என்று தெரியாத ஓசையைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு இதற்கெல்லாம் பெயர்கள் உண்டு. குறிப்பிட்ட சில ஓசைகளைச் சகிக்க முடியாத நிலைக்கு 2001இல் 'மிஸோஃபோனியா' என்று பெயர் வைத்தார்கள். ப்ரூஸ்டுக்கு இருந்தது எது என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தூக்கம் குறைந்த உடம்புக்குச் சின்னச் சத்தமும் பெரிதாகும் என்பதற்கும், அரிப்பும் மூச்சிரைப்பும் தூக்கத்தை முதலில் தின்றுவிடும் என்பதற்கும் மருத்துவர் தேவையில்லை.

நாவலின் மூன்றாம் பாகத்தில் ஓர் இடம் வருகிறது. காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்ட நோயாளிக்கு உலகம் எப்படி மாறிவிடுகிறது என்பதைச் சொல்கிறார். அடுப்பு ஓசையின்றி எரிகிறது. பொங்கும் பாலைக் காதால் அறிய முடியாததால் கண்ணால் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அனுபவித்தவர் மட்டுமே எழுதக்கூடிய பகுதி இது. ஐந்தாம் பாகத்திலோ, படுக்கையில் கிடக்கும் கதைசொல்லி காலையில் தெருவில் கூவி விற்பவர்களின் குரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தேவாலயப் பாடலோடும் ஒபராவோடும் ஒப்பிட்டு ரசிக்கிறான். தக்கை பதித்து வெளியே தள்ளிய தெருவைத்தான் நாவலுக்குள் இப்படி அழைத்துக்கொண்டார்.

பூக்களுக்கும் இதுவே நடந்தது. ஹாதார்ன் என்பது வசந்தத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் ஒரு முட்செடி. நாவலின் முதல் பாகத்தில் அதற்கு வருகிற பக்கங்களுக்கு ஈடாகப் பூவைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. அதன் வாசனையை, இதழ்களின் மடிப்பை, அதைப் பிரிய மாட்டாமல் கட்டிக்கொண்டு அழும் சிறுவனை எழுதியவரால் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பூத்த மரங்களைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால், கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள் உட்கார்ந்துகொண்டு பார்ப்பார். வாசனை எல்லாம் ஒன்பது வயதுக்கு முந்தையது.

நாவலில் ஒரு வைத்தியர்

முதல் பாகத்தை வெளியிட யாரும் முன்வராததால் சொந்தச் செலவில் 1913 நவம்பரில் வெளியிட்டார். போர் குறுக்கிட்டது. இரண்டாம் பாகத்துக்கு 1919 டிசம்பரில் கோன்கூர் பரிசு கிடைத்தது. மூன்றாம் பாகத்தில்தான் தன்னை வளர்த்த மருத்துவத்துக்குப் பதில் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதைசொல்லியின் பாட்டி நோயுற்றிருக்கிறாள். து பூல்போன் என்ற நரம்பு மருத்துவர் வருகிறார். அறிவாளி, இலக்கியம் பேசுபவர். உங்களுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் நரம்புதான், எழுந்து ஷான்ஸ் எலிஸேக்குக் காற்று வாங்கப் போங்கள் என்கிறார். பாட்டி மறுப்பேதும் சொல்லாமல் போகிறாள். அங்கேயே அவளுக்குப் பக்கவாதம் தாக்குகிறது. அதிலிருந்து அவள் எழவில்லை.

இதில் மருத்துவரை வில்லனாக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நரம்பைப் பற்றி அவர் சொல்வதில் பல புத்திசாலித்தனமானவை, உண்மையானவையும்கூட. ஆனால் இந்த நோயாளி விஷயத்தில் அவர் தவறினார், காரணம் அவளைக் கேட்பதற்கு முன்பே பதிலை வைத்திருந்தார். நரம்புத் தளர்ச்சியைப் பற்றி நூல் எழுதியவரின் மகன், தந்தை மறைந்து பல ஆண்டுகள் கழித்து இதை எழுதுகிறார். கோபம் தணிந்த பிறகு எழுதியதால்தான் அது இவ்வளவு கூர்மையாக இருக்கிறது.

கடைசி ஆண்டுகள்

1919இல் பூல்வார் ஓஸ்மான் கட்டடம் ஒரு வங்கிக்கு விற்கப்பட்டது. தக்கை அறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சில மாதம் வேறோர் இடத்தில் மெல்லிய சுவர்களுக்கு நடுவே அவதிப்பட்டு, அக்டோபரில் ரூ ஹமலானில் ஐந்தாம் மாடிக்குப் போனார். அங்கே தக்கை இல்லை. மேல்மாடியில் பிள்ளைகள் ஓடியாடினார்கள். அவர்கள் காலுக்கு மெத்தென்ற கம்பளிச் செருப்புகள் வாங்கி அனுப்பினாராம். அந்த அறையில்தான் மிச்சப் பாகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

1922 இலையுதிர் காலத்தில் மார்புச்சளி பிடித்து நிமோனியா ஆயிற்று. மருத்துவமனைக்கு வரும்படி தம்பி ரொபேர் வற்புறுத்தியும் இணங்கவில்லை. மருத்துவர்களைவிடத் தன் உடம்பைத் தனக்கே தெரியும் என்று வாழ்நாள் முழுவதும் நம்பியவர். பலமுறை அந்த நம்பிக்கை சரியாக இருந்தது. கடைசி முறை அது தவறாகப் போயிருக்கலாம். நவம்பர் 18ஆம் நாள் காலமானார். வயது 51. மீதிப் பாகங்களை 1927 வரை வெளிக்கொணர்ந்ததில் தம்பியின் பங்கு பெரிது.

'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னாவின் ஃபோன் பிர்கே 1906இல் உருவாக்கியபோது ப்ரூஸ்டுக்கு வயது 35. ஆஸ்த்மா, ஹே ஃபீவர் போன்றவை ஒரே குடும்பத்து நோய்கள், பரம்பரையாக வரும் ஒரு தன்மையிலிருந்து கிளைப்பவை என்று கண்டு, அந்தத் தன்மைக்கு 'அடோபி' என்று அமெரிக்க மருத்துவர்கள் இருவர் பெயரிட்டது 1923இல். அவர் இறந்த மறு ஆண்டு! அரிக்கும் தோல் நோயான எக்ஸிமாவையும் அதே குடும்பத்தில் சேர்த்து 1933இல் பெயர் சூட்டினார்கள். இதற்கெல்லாம் பின்னால் இருக்கும் ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதம் 1960களின் பிற்பகுதியில்தான் கண்டறியப்பட்டது. ப்ரூஸ்டின் தோலுக்கும் மூச்சுக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்று சோதித்துப் பார்க்க இப்போது வழியில்லை. ஆனால் மனவுறுதி இல்லாததால் வந்த நோய் என்று இன்று எந்த மருத்துவரும் சொல்லத் துணியமாட்டார்.

பெயரில்லாத நோயோடு வாழ்வது தனி அவதி. விளக்கம் சொல்ல வார்த்தை இல்லை, சொன்னாலும் நம்ப ஆளில்லை. ப்ரூஸ்ட் விளக்குவதைக் குறைத்துக்கொண்டு, தனக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அதற்கேற்ப ஓர் அறையை அமைத்துக்கொண்டார். அந்த அறை அவரைக் குணப்படுத்தவில்லை. எழுதுவதற்கு வேண்டிய ஆண்டுகளைக் கொடுத்தது. அவருடைய பித்தளைக் கட்டிலும் அறைச் சாமான்களும் பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. சிறிய கட்டில்தான். முழங்காலையே மேஜையாக்கி, அதில் சாய்ந்தபடிதான் மூவாயிரம் பக்கங்களில் பெரும்பகுதியை எழுதினார்.